தீராத தீவனம்

பயப்படாமல் வேலை பாருங்கள் என்று புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். கால்நடை ஆய்வாளராக மலையிலும் அடிவாரத்திலும் அலைந்து ஓய்வு பெற்றவள் நான். மாடு முட்டியிருக்கிறது, நாய் துரத்தியிருக்கிறது, ஒரு வான்கோழி என்னைத் தெருமுனை வரை விரட்டி மானத்தை வாங்கியிருக்கிறது. அதெல்லாம் ஒரு பயமே இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு நான் பயந்த பயம்தான் பயம். நாம் "சீக்கு" என்று சொன்னால் ஊர் மண்வெட்டியைத் தூக்கும். சீக்கு இருக்கும்போது "இல்லை" என்று சொல்லிவிட்டாலோ, அந்த ஊரில் கூவ ஒரு கோழி இருக்காது. இரண்டில் எதையும் சொல்ல முடியாமல் நான் நின்ற ஒரு பகலைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசி. விட்டுவிட்டு மழை. பக்கத்து மாநிலத்தில் எங்கோ பறவைக் காய்ச்சல் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மலை மேல் புதூர்நாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சாந்தி என்ற பெண் எனக்குப் போன் செய்தாள். கணவன் கேரளத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். இவள் வீட்டுக் கொல்லையில் கூண்டு போட்டு, அரசுத் திட்டத்தில் வாங்கிய கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் திட்டக் கோழி முதலில் வாங்கியது அவள்தான்.

"மேடம், கோழிங்க எதுவும் திங்க மாட்டேங்குதுங்க. பீடர்ல போட்ட தீனி அப்படியே கீது. ராத்திரி ஒண்ணு செத்துப்போச்சு, அத அப்பவே பொதைச்சிட்டாங்க. காலையில இருந்து எங்கூட்டாண்ட ஊரே வந்து நிக்குது. சீக்கிரம் வாங்க மேடம்."

பின்னால் யாரோ கத்துவது கேட்டது. சிக்னல் போய்விட்டது.

கோழி தீனி எடுக்கவில்லை என்றால் நாம் உஷாராகிவிட வேண்டும். எந்தப் பெரிய நோய்க்கும் அதுதான் முதல் அறிகுறி. பையில் கையுறை, முகமூடி, காலுக்குக் கட்டும் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பத்தூரில் ஜீப் ஏறினேன். ஆள் நிரம்பினால்தான் ஜீப் புறப்படும். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்தக் கோழிக் காய்ச்சல் ஊருக்காங்க போறீங்க?"

ஊருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நான் இன்னும் மலையே ஏறவில்லை.

வழி முழுவதும் எனக்கு ஒரே யோசனை. வீட்டில் என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இன்னும் தலைகூட நிற்கவில்லை. இது நிஜமாகவே அந்தக் காய்ச்சலாக இருந்து, நான் துணியில் எதையாவது ஒட்டிக்கொண்டு போய்விட்டால்? இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு வளைவில் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் தோன்றும்.

சாந்தியின் வீட்டுக் கொல்லையில் ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம். கூண்டைச் சுற்றிக் கயிறு கட்டி வேப்பிலை தொங்கவிட்டிருந்தார்கள். மண்ணெல்லாம் மஞ்சள் தண்ணீர். கூண்டு இடுப்பு உயரத்துக்கு மரக்கால் நட்டு, மூங்கில் பிளாச்சு அடித்தது. மேலே தகரம். நடுவில் உத்திரத்திலிருந்து பீடர் தொங்கியது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், வெள்ளை டப்பாவும் அடியில் சிவப்புத் தட்டும். டப்பாவில் தீனியைக் கொட்டி வைத்தால், கோழி தின்னத் தின்னத் தட்டில் தானாக இறங்கும். மூங்கில் சந்து வழியாகப் பார்த்தேன். வெள்ளை டப்பாவில் கழுத்து வரைக்கும் தீனி தெரிந்தது. அதன் கீழே கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன.

எச்சத்தைப் பார்த்தேன். பச்சை. தண்ணீராகப் பச்சை.

வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய்க்கும் பச்சையாகப் போகும், அந்தக் காய்ச்சலுக்கும் போகும். செல்போனைக் கையில் எடுத்துவிட்டேன். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி எங்கள் கால்நடை டாக்டருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாதிரி எடுக்க ஆள் வரும், ஊருக்குள் வண்டி போக வர நிறுத்துவார்கள். அந்த வார்த்தையைத் திருப்பி வாங்க முடியாது. சந்தேகம் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் விதி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சந்தேகம் என்பது பார்த்துவிட்டு வர வேண்டியது. நான் அதுவரை பார்த்தது எச்சத்தையும் கூட்டத்தையும்தான்.

ஊர்க்கவுண்டர், அந்தச் சிற்றூரின் தலைவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார், குரல் பெரிதாக இருந்ததிலேயே தெரிந்தது.

"வாங்கம்மா. பார்த்தீங்க இல்ல? கூண்டுக்கு அம்மன் வந்துட்டா. இனிமே யாரும் கூண்டத் தொடக்கூடாது. பொழுது சாயற வரைக்கும் பார்ப்போம். தேறலன்னா எல்லைக்கு அந்தாண்ட கொண்டுபோய்க் குழி தோண்டிப் பொதைச்சிடுவோம். அதான் எங்க ஊரு வழக்கம்."

கோழிக்கு ஊரோடு வரும் நோய் எதுவானாலும் அங்கே அது அம்மன் வருவதுதான். அம்மன் இறங்கிய கூண்டைத் திறந்து, கிளறி, ஆட்டி அசைத்தால் ஊருக்கே கோபம் வரும் என்று நம்புகிறார்கள். இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்காதீர்கள். நோய் வந்த கூண்டுக்குள் ஆள் போய் வராமல் தடுக்க நம்மிடம் இருப்பதைவிட அவர்களிடம் வலுவான வழி இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த வழியேதான் என் கையைக் கட்டிப்போட்டது.

சாந்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் சீக்க வெலை கொடுத்து வாங்கியாந்தேன்னு சொல்றாங்க மேடம். இதுங்களப் பொதைச்சாங்கன்னா அப்புறம் நான் இந்த ஊர்ல எப்படி இருக்கறது? அவரும் இல்ல. கிணத்தாண்ட போனாக்கூட எல்லாரும் தள்ளி நிக்கறாங்க."

கோழி மட்டும் இல்லை, அவளுடைய இருப்பே அந்தக் கூண்டுக்குள் இருந்தது. எனக்கு அவள் மேல் பாவமாக இருந்தது. அந்தப் பரிதாபத்தில் வாய் தவறி "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுவேனோ என்று இன்னும் பயமாக இருந்தது. அப்படிச் சொல்லிவிடாதீர்கள். ஆறுதல் சொல்வது லேசு, பிறகு அதற்கு நாம்தான் பொறுப்பு.

எனக்கு முதன்முதலில் வேலை கற்றுக்கொடுத்த டாக்டர் ஒரு முசுடு. பதறிப்போய் நான் எதையாவது சொன்னால், "நீ பார்த்ததைச் சொல், நினைத்ததை அப்புறம் சொல்" என்று எரிந்து விழுவார். அன்றைக்கு அவர் குரல் காதில் விழுந்தது. சரி, பார்த்ததை எடுத்துக்கொள்வோம் என்று சாந்தியிடம் கேட்க ஆரம்பித்தேன்.

"தண்ணி குடிக்குதா?"

"குடிக்குதுங்க. வெச்சா வெச்சா காலி பண்ணுது."

"வெளிய விட்டியா?"

"இல்லீங்க மேடம். காய்ச்சல் வருது, கோழிய வெளிய விடாதீங்கன்னு போன்ல வந்துது. அன்னிலேர்ந்து அடைச்சேதான் வெச்சிருக்கேன்."

"தீனி எப்படிப் போடற?"

கூண்டின் மேல் தகரத்தில் ஒரு மூடி இருந்தது. அதைத் திறந்தால் நேரே பீடர் டப்பா. மேலேயிருந்தே கொட்டிவிடலாம். நல்ல ஏற்பாடு என்று யாரும் சொல்வார்கள். தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்ப்பாளாம். நிறைந்தே இருக்கும். கோழிகள் தின்னவில்லை என்று மூடிவிடுவாளாம்.

அவள் பார்த்தது டப்பாவின் மேல்பக்கத்தை. அடியில் இருக்கும் தட்டை அவள் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற ஒருவரும் பார்க்கவில்லை. வேப்பிலை மறைத்துக்கொண்டிருந்ததால் நானும் பார்க்கவில்லை.

சீக்கு வந்த கோழிக்கும் பட்டினி கிடக்கும் கோழிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முகத்தைப் பார்த்து அது தெரியாது, இரண்டும் ஒரே மாதிரி துவண்டுதான் நிற்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் தண்ணீரை மட்டும் குடித்தால் பித்தநீர் இறங்கி எச்சமும் பச்சையாகத்தான் போகும். தானியத்தைக் கண்ணெதிரே போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"கவுண்டரே, நான் கூண்டத் திறக்கணும்."

"அது ஆவாதும்மா."

"நான் திறக்கலன்னா, சீக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. நீங்க பொதைச்சிட்டுப் போய்டுவீங்க. நெஜமாவே அந்தக் காய்ச்சலா இருந்தா, பொதைக்கத் தூக்கிட்டுப் போற உங்க ஆளுங்க கையில அது ஒட்டும். அதையும் நான் தடுக்கணும். எனக்கும் பயம்தான். வூட்டுல பச்சக்கொழந்தை இருக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தைரியமாகப் பேசியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு கட்டி கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டு, வேப்பிலைக் கயிற்றை அவரே ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"சீக்கிரம் பாருங்க. அம்மன் கோவிச்சுக்கினா பொறுப்பு எனக்கில்ல."

எல்லோரையும் தூரப்போகச் சொன்னேன். கையுறை, முகமூடி, காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து குனிந்து, தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டேன். அந்த ஈர வாடையில் மூச்சை அடக்கிக்கொண்டு சாந்தி அள்ளிக் கொடுத்த ஒரு பிடி சாமையைத் தரையில் வீசினேன்.

ஒன்றும் அசையவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் மறக்க முடியாது. போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெட்டைக்கோழி கண்ணைத் திறந்தது. கழுத்தை நீட்டி ஒரு சாமையைக் கொத்தியது. அடுத்த நொடி எல்லாமாகச் சேர்ந்து விழுந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இறக்கையால் அடித்து, என் கையுறையைக்கூட விடாமல் கொத்தின. வெளியே சாந்தி வாய்விட்டு அழுதது கேட்டது.

"தின்னுது! தின்னுது பாருங்க!"

பீடரின் தட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சுற்றிலும் கல் மாதிரி ஒரு காய்ந்த வளையம். டப்பாவை ஆட்டினேன், உள்ளே ஒரு மணிகூட அசையவில்லை. குச்சியால் குத்தினால் பொளபொளவென்று உதிராமல் பாளமாகப் பெயர்ந்தது.

"சாந்தி, இதுல இன்னா கலந்த?"

"கம்பெனித் தீனி தீந்துபோச்சுங்க. சாமைத் தவுடும், புளியங்கொட்டைய வறுத்து இடிச்ச மாவும் கலந்து போட்டேன். நல்லா சதை வெக்கும்னு."

மலையில் எந்த வீட்டிலும் புளி தட்டிய பிறகு கொட்டை மூட்டையில் கிடக்கும். இடித்து மாட்டுக்கும் கலப்பார்கள், குறை ஒன்றும் இல்லை. தரையில் வாரி இறைத்திருந்தால் கோழிக்கும் குறை இல்லை. ஆனால் பசை காய்ச்சுவதே அந்த மாவில்தான். ஐப்பசி மழையில் மேல்மூடி வழியாகச் சாரலும் பனியும் இறங்கி, டப்பாவின் வாயில் மாவு பசையாகி, தவிட்டைக் கட்டிப்பிடித்து, காய்ந்து அடைத்துக்கொண்டது. கோழிகள் இத்தனை நாளும் நிறைந்த டப்பாவின் கீழே நின்று பட்டினி கிடந்திருக்கின்றன.

இத்தோடு கதையை முடித்தால் நான் கெட்டிக்காரியாகிவிடுவேன். ஆனால் ஊர்க்கவுண்டர் கையை நீட்டினார்.

"அதோ, அது திங்கல பாருங்க."

மூலையில் ஒரு இளம் பெட்டை. சாமை காலடியில் கிடந்தது, குனியவே இல்லை. கழுத்தை மட்டும் மேலே மேலே நீட்டி வாயைத் திறந்தது. கூட்டம் மறுபடி பின்வாங்கியது. கொஞ்சம் முன்னால் எனக்கு வந்த சந்தோஷம் முழுக்க வடிந்துபோனது. பீடர் அடைத்திருந்ததும் உண்மை, நோய் வந்திருப்பதும் உண்மை என்று ஏன் இருக்கக்கூடாது? ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டால் இன்னொரு காரணத்தைத் தேட நமக்கு மனசு வராது. என் வேலையில் நான் அதிகம் பயந்தது இந்தச் சோம்பலுக்குத்தான்.

அந்தப் பெட்டையைத் தூக்கினேன். நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்தியது. மற்றவற்றுக்குக் கழுத்தடித் தீனிப்பையில் இப்போது கொத்திய சாமை மட்டும்தான் இருந்தது, இதற்கு மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டியாக இருந்தது. பசி தாங்காமல் தட்டில் ஒட்டிய பசைக் கட்டியைப் பெயர்த்து விழுங்கியிருக்கிறது. அது உள்ளே ஊறி அடைத்துக்கொண்டது. கொண்டை சிவப்பாகவே இருந்தது, நீலம் இல்லை. தலையில் வீக்கம் இல்லை, மூக்கில் ஒழுகல் இல்லை. கழுத்துத் திருகல் இல்லை. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பார்த்தேன், அவர்கள் கேட்கட்டும் என்று. சாந்தி வெதுவெதுப்பான தண்ணீரும் கடலை எண்ணெயும் கொண்டுவந்தாள். சொட்டுச் சொட்டாக விட்டு, கட்டியை விரலால் அமுக்கி அமுக்கிக் கரைத்தேன். நேரம் பிடித்தது. கட்டி இளகி ஒரு புளித்த நாற்றம் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாறை மேல் ஏறி டாக்டருக்குப் போன் செய்து, பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பெட்டையைத் தனியாக வை, மற்றதை வெளியே விடாதே, நாளைக் காலையில் நானே வந்து பார்க்கிறேன் என்றார். இறங்கி வந்து ஊர்க்கவுண்டரிடம் சொன்னேன்.

"நான் பார்த்த வரைக்கும் சீக்கு இல்ல, பட்டினி. டாக்டர் காலையில வர்றாரு. அது வரைக்கும் பொதைக்க வேணாம்."

அவர் கூண்டைப் பார்த்துக் கும்பிட்டார். சாந்தியிடம் போய், "எழுந்து மொகத்தக் கழுவும்மா" என்றார். இரண்டு பெண்கள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். இத்தனை நேரம் தள்ளி நின்றவர்கள்தான்.

நான் பீடரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது வெள்ளையன் வந்தார். சாந்திக்கு அடுத்த கொல்லைக்காரர். கையெல்லாம் செம்மண், மண்வெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. பின்னால் அவர் மனைவி.

"மேடம், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சீக்குன்னே சொல்லிடுங்களேன்."

எனக்குப் புரியவில்லை. இன்னா சொல்றீங்க என்றேன்.

"இங்க வந்தது எங்கூட்டுக்கும் வந்துரும்னு, மத்தியானமே எங்களுத எல்லாத்தையும் அறுத்துப் பொதைச்சிட்டேன் மேடம். அடைகாக்கறதக்கூட விடல. இப்ப இது ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டா நான் வூட்டுக்குள்ள எப்படிப் போவேன்? சீக்கு வந்துது, நீங்க வந்து மருந்து கொடுத்துக் காப்பாத்துனீங்க, அப்படின்னு சொல்லிடுங்க. யாருக்கு இன்னா நஷ்டம்?"

அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தால் எதையும் சொல்லிவிடத் தோன்றும். ஒரு வார்த்தைதான். "லேசா இருந்துதுங்க" என்றால் போதும், அவர் நிமிர்ந்து வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் அந்த வார்த்தையோடு சாந்தி அந்த ஊரில் காலம் தள்ள வேண்டும். அடுத்த முறை யார் வீட்டுக் கோழி தும்மினாலும் அவள் கொல்லையைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கும் இப்படி ஒருவர் வந்து கெஞ்சுவார். அவர் பொய்யர் இல்லை, பயந்தவர். பயம் நம்மைவிட முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் போனில் தகவல் வந்த உடனே அந்த வீட்டோடு நிறுத்தாமல், அக்கம்பக்கத்துக்கும் ஆள் விட்டு, நான் வரும் வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். அன்று சிக்னல் போன பிறகு எனக்கு வழியில்லாமல் போயிற்று. உங்களுக்கு வழி இருந்தால் விடாதீர்கள்.

"இல்லீங்க," என்றேன். "சீக்கு இல்ல."

வெள்ளையன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே குந்தினார். அவர் மனைவி அவரைத் திட்டவில்லை, அழவும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"காலையில கூட சாமை போட்டேங்க. எல்லாம் ஓடியாந்து நல்லாத் தின்னுச்சுங்க."